அத்தை கண்ணும் புடலம்பிஞ்சும்

எங்கள் அத்தைக்கு எதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது. கண்ணில் பட்டதும் வாயில் ஒரு பாராட்டு வந்துவிடும். பால்காரர் மாட்டைக் கண்டால் மடியைப் பாராட்டுவாள். அடுத்த வீட்டில் வடகம் காய்ந்தால் அதன் வெள்ளையைப் பாராட்டுவாள். தினமும் எனக்குத் தலைவாரும்போது, என்னை எதிரே உட்கார்த்தி, முகத்தை ஒரு தரம் நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "ஏட்டி, எம்புட்டு முடி உனக்கு, கைக்குள்ள அடங்க மாட்டேங்கு" என்பாள். என் முடி எலிவாலைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். ஆனாலும் அத்தை சொன்ன நாட்களில் பள்ளிக்கூடத்தில் என் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு மம்சாபுரத்தில் கொழுந்தன் குடும்பத்தோடு ஒண்டிக்கொண்டிருந்தவளை அப்பாதான் ராஜபாளையத்துக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் புடலைப் பந்தல் இருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் வாய்க்கால் பிடித்து அதற்குத்தான் போகும். இலையில் பூச்சி கண்டால் அம்மா அடுப்புச் சாம்பலை விடியற்காலைப் பனி ஈரத்தோடு தூவுவாள். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனியில் சின்னக் கல்லை நூலால் கட்டித் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் காய் சுருண்டுகொண்டு, நறுக்குகிறவள் பொறுமையைச் சோதிக்கும். கல் பொறுக்குவது என் வேலை. கனமான கல்லாகக் கொண்டுவந்து கொடுத்து, பிஞ்சு கழுத்தோடு முறிந்து, முதுகில் ஒன்று வாங்கியதும் உண்டு.

பந்தலுக்கென்று சட்டதிட்டங்களும் இருந்தன. பிஞ்சை விரல் நீட்டிச் சுட்டக்கூடாது, அழுகிப்போகும். காட்டியே ஆகவேண்டுமென்றால் விரலை மடக்கிக்கொண்டு முட்டியால் காட்டலாம். வருகிறவர்கள் கண் காயில் விழாமலிருக்க, சுண்ணாம்புப் புள்ளி வைத்த கரிச்சட்டி ஒன்று பந்தல் காலில் கவிழ்ந்திருந்தது.

இத்தனை ஏற்பாட்டையும் மீறி அந்த வருடம் பிஞ்சுகள் அழுகின. முதலில் ஓரிடத்தில் சொட்டுப் பிசின் தெரியும். அப்புறம் அந்த இடம் மஞ்சளாகும், காய் கோணிக்கொள்ளும், பிறகு கீழே விழும். வீணாகப் போவானேன் என்று, விழுந்ததை எல்லாம் கொடியின் தூரிலேயே உரமாகப் போட்டு வைத்தோம். அதைப் போலப் புத்திசாலித்தனமான காரியம் இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் அண்ணன் வீடு. பெரியம்மாவுக்குப் பந்தலைவிட அத்தையின் வாய்மேல்தான் கவனம். அத்தை எந்தப் பிஞ்சைப் பார்த்து "என்னா நீளம்" என்றாளோ, அதுதான் அடுத்து விழுகிறது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அத்தை எல்லாப் பிஞ்சையும் பாராட்டினாள், ஆகையால் எது விழுந்தாலும் அது அத்தை பாராட்டியதாகத்தான் இருக்கும். இந்தக் கணக்கு அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூர் மாமியார் வீட்டிலிருந்து தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டியிருந்தது. ஒருநாள் பெரியம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, அத்தை காதில் விழும்படியாகவே அம்மாவிடம் சொன்னாள்.

"ஏட்டி, காயே தாங்க மாட்டேங்கு. பிள்ளத்தாச்சிப் பிள்ள தாங்குமா? அவிய கொஞ்ச நாளு மம்சாபுரத்துல போயி இருக்கட்டும். பிள்ள பெறந்த பொறவு பாத்துக்கிடலாம்."

அம்மா குனிந்துகொண்டு, விழுந்த பிஞ்சுகளைப் பொறுக்கினாள். அத்தையை அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மகள் வயிற்றுப் பிள்ளை என்று வரும்போது யாருக்குத்தான் நெஞ்சு உறுதியாக இருக்கும்? அப்பா அன்று சாப்பிடாமலே வேலைக்குப் போனார். மம்சாபுரத்தில் கொழுந்தன், அத்தை இருந்த அறையில் ஆட்டைக் கட்டியிருப்பது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலையிலிருந்து அத்தை எனக்கு முதுகுப் பக்கமாக உட்கார்ந்து தலைவாரினாள். முகத்தை நிமிர்த்திப் பார்க்கவில்லை. முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சோறு போடும்போதும் தட்டைப் பார்த்துத்தான் போட்டாள். ஏதோ தப்புச் செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து நானும் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு விடுமுறை நாள். விடிந்ததும் அத்தை பலகையை எடுத்துக்கொண்டு பந்தலுக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அவளுடைய மஞ்சள் பை, உப்பிப்போய். காய் பறித்துப் போடுவதற்கு என்று நினைத்தேன். எதிரே அப்போதுதான் பூ வாடிய ஒரு பிஞ்சு தொங்கியது. அத்தை அதையே பார்த்தாள்.

"என்ன மதினி, அங்கன உக்காந்திருக்கீக?" என்று அம்மா கேட்டாள்.

"என் கண்ணு என்ன பண்ணுதுன்னு நானே பாக்கேன்" என்றாள் அத்தை.

காப்பி கொண்டுபோய்க் கொடுத்தும் பிஞ்சிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. தம்ளரைத் தடவித்தான் வாங்கினாள். வெயில் பந்தலுக்குள் இறங்கியது. பெரியம்மா இரண்டு மூன்று தரம் சுவருக்கு மேலே வந்து பார்த்துவிட்டு, முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு போனாள். நான் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்து பார்த்தேன். புடலங்காய் வளர்வதைப் பார்ப்பதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. எழுந்து விளையாடப் போய்விட்டேன்.

அத்தை போட்ட சத்தத்தில்தான் திரும்பி ஓடி வந்தேன். அவள் பிஞ்சை முட்டியால் அல்ல, நன்றாக விரலை நீட்டியே சுட்டிக்கொண்டிருந்தாள். அதன்மேல் ஒரு செம்பழுப்பு ஈ. வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிது, குளவியைப் போல இடுப்பு. அது அவசரமே இல்லாமல் வாலை வளைத்துப் பிஞ்சில் குத்திவிட்டுப் பறந்தது. குத்திய இடத்தில் சற்றைக்கெல்லாம் பிசின் துளிர்த்தது.

அத்தை தூரில் கிடந்த அழுகல் காய் ஒன்றை எடுத்துத் துவைக்கிற கல்லில் வைத்து அரிவாள்மணையால் பிளந்தாள். உள்ளே வெள்ளைப் புழுக்கள். சில துள்ளி என் காலில் விழுந்தன. நான் அலறிய அலறலில் பெரியம்மா சுவருக்கு மேலே வந்துவிட்டாள்.

"மதினி, நல்லாப் பாருங்க. என் கண்ணு பட்டா காயி வாடும்னு வச்சுக்கிடுவோம். புழு எங்க இருந்து வந்துச்சு? என் கண்ணுல இருந்து உதுந்துச்சா?" என்றாள் அத்தை.

பெரியம்மா தலையைச் சுவருக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் போனதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். அந்த ஆனந்தத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. தூரில் உரம் என்று குவித்து ஈக்கூட்டத்தை வளர்த்திருந்த அழுகலை எல்லாம் வாரி, எட்டத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். தூரைக் கொத்திக் கிளறி வெயில் காட்டினோம். அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்த்தார். கழித்துப் போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார். காற்றும் வெளிச்சமும் போகும், ஈ போகாது. அத்தை அவற்றை நீள நீளக் குழாய்ப் பைகளாகத் தைத்தாள். பூ வாடிப் பிஞ்சு பிடித்ததும் பையை மாட்டி, காம்போடு இறுக்காமல் நூல் கட்டி, அடியில் என் கல்லையும் தொங்கவிட்டோம். பந்தல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கட்டுப் போட்டுத் தொங்கியது. தெருவில் போகிறவர்கள், "என்ன, பெரியாஸ்பத்திரியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். "ஆமா, எல்லாம் கால் ஒடிஞ்ச கேசு" என்று அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

காய்த்தது பாருங்கள், அப்படி ஒரு காய்ப்பு. அத்தை தினமும் காலையில் ஒவ்வொரு பையாக அவிழ்த்து, "ஏயப்பா, என்னா நீளம்" என்று பெரியம்மா காது கேட்கப் பாராட்டிவிட்டு மறுபடி கட்டுவாள். ஒன்றுகூட அழுகவில்லை. தோலில் நகம் சுலபமாக இறங்கும்போதே பறித்துவிட வேண்டும், நார் விழவிடக்கூடாது என்று அம்மா விரட்டி விரட்டிப் பறித்தாள். கூட்டு, பொரியல், உள்ளிருக்கும் பஞ்சையும் பிஞ்சு விதையையும் வதக்கித் துவையல். விதைக்கென்று விட்ட ஒன்று மட்டும் பழுத்துச் செக்கச் சிவந்து தொங்கியது. கடைசியில் ஒரு நாள் பெரியம்மா சுவருக்கு மேலே வந்து, அவள் பாகற்கொடிக்கு ரெண்டு பை கிடைக்குமா என்று வானத்தைப் பார்த்துக் கேட்டாள். அத்தை கை நிறைய எடுத்துக் கொடுத்தாள்.

அக்கா வந்த அன்று சம்பந்தி வீட்டாருக்கு எங்கள் பந்தல் காயில்தான் கூட்டு. இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வாசலில் அக்காவுக்கு ஆலம் சுற்ற, அம்மா பெரியம்மாவைத்தான் கூப்பிட்டாள். பெரியம்மா தட்டை வாங்கி, "நீங்களும் ஒரு கை பிடிங்க" என்று அத்தை பக்கம் நீட்டினாள். இரண்டு பேருமாகச் சுற்றினார்கள்.

எல்லோரும் போன பிறகு நான் உள்ளே போனேன். அத்தை அந்த மஞ்சள் பையிலிருந்து தன் சேலைகளை எடுத்து உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். சேலைகளை எதற்குப் பையில் வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவள் என்னை இழுத்து எதிரே உட்கார்த்தி, முகவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முற்றத்தில் மிச்சப் பால்கோவாவைப் பங்கு வைக்கிற சத்தம் கேட்டது, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"விடுங்க அத்தை, போகணும்."

"ஏட்டி, இரு. செத்த நேரம் பாத்துக்கிடுதேன்."

நான் கையைத் தட்டிவிட்டு ஓடினேன். பெரியம்மாவின் வாயை அடைக்கத்தான் அத்தை பந்தலுக்குக் கீழே போய் உட்கார்ந்தாள் என்று வெகுகாலம் எல்லோரிடமும் வெற்றிக்கதையாகச் சொல்லித் திரிந்தேன். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் காய்ச்சலில் துவண்டு கிடந்தாள். முந்தின நாள் அவள் கன்னத்தைப் பார்த்துப் பூரித்துப்போனது நான்தானே என்று தோன்றியது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு அந்த மஞ்சள் பை நினைவுக்கு வந்தது. அன்று விடிகாலையில், பிஞ்சு வாடினால் அப்படியே மம்சாபுரம் கிளம்பிவிட அதைக் கட்டி எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனபோது, அந்த ஈ வரும் என்று அத்தைக்குத் தெரியாது.