நிலாவில் படுத்திருந்த மட்டாஞ்சேரி அண்ணன்

தென்காசியில் ஏறிய ரயில் எர்ணாகுளத்தில் என்னை இறக்கிவிட்டபோது காலை ஒன்பது மணி தாண்டியிருந்தது. பஸ்ஸில் தோப்பும்படி வரை. அங்கிருந்து ஆட்டோ, மூன்று கிலோமீட்டருக்கு ஐம்பத்தைந்து ரூபாய். என் பையைப் பார்த்த ஓட்டுநர், "ஜூ டவுன் காணானாணோ சேட்டா?" என்று, யூதர் தெருவைச் சுற்றிப் பார்க்க வந்தவனாக நினைத்துக் குழைந்தார். அண்ணனைப் பார்க்க வந்தேன் என்றதும் பேச்சு நின்றுவிட்டது. சுற்றுலாக்காரனுக்குள்ள மதிப்பு சொந்தக்காரனுக்கு எந்த ஊரிலும் கிடையாது.

அண்ணன் என்றால் பெரியம்மா மகன் முருகேசன். மட்டாஞ்சேரி மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். லாரிப் பலகையில் சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, தகடு வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகியும் அவர் எழுந்திருக்கவில்லை. அதைக் கேட்டுத்தான் கிளம்பினேன்.

பத்தரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கரில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கட்டிலில் அண்ணன். குன்று மாதிரி இருந்த ஆளின் கால்கள் முருங்கைக்காயாக வற்றியிருந்தன. செல்வி மதினி சாயாவை ஆற்றி அண்ணன் வாயருகே பிடித்தார்.

"கால்தானே ஒடிஞ்சது, அண்ணன் கைக்கு என்ன ஆச்சு மதினி?"

"சும்மா இருங்க தம்பி. நான் பாத்துக்கிடுதேன்."

இப்போது என்ன எழுதுகிறாய் என்று அண்ணன் கேட்டார். நிலாவில் போய்த் தங்கினால் மனித உடம்பு என்னவாகும் என்று ஒரு பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சொன்னேன்.

"அங்க எடை கொறவாமே?"

"ஆறுல ஒரு பங்குதான். அறுபது கிலோ மூட்டை பத்து கிலோ மாதிரி இருக்கும்."

"எனக்கு ஏத்த இடம் அதாக்கும்!"

"சுகம்தான். ஆனா சுமை கொறஞ்சா எலும்பு தேயும், தசை வத்தும். விண்வெளியில மிதக்கிறவங்க அதுக்குப் பயந்துதான் தினமும் ரெண்டு மணி நேரம் உடற்பயிற்சி செஞ்சு உடம்பை வதைக்காங்க. நிலாவுல இருக்கிற எடை எலும்புக்குப் போதுமான்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. அதையெல்லாம் இங்க இருந்தே பாக்க, நல்லா இருக்கிற ஆளுங்களை வாரக்கணக்குல கட்டில்ல படுக்கப் போடுறாங்க."

"கட்டில்லயா?" மதினி திரும்பினார்.

"ஆமா. படுத்தே கிடந்தாலும் ஏறக்குறைய அதே கேடுதான்."

மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க சொல்லிட்டு ரயிலேறிருவீங்க. இவரு விழுந்தப்போ நானும் அதே கிட்டங்கியில பத்தடி தள்ளி இஞ்சி பொறுக்கிட்டிருந்தேன். எலும்பு ஒடிஞ்ச சத்தம் இந்தக் காதுல கேட்டுச்சு. இன்னொரு தடவை விழுந்தா?"

பயந்தவருக்கு அறிவியல் சொன்னது என் தப்பு. வாயை மூடிக்கொண்டு மத்திமீனும் கப்பைக்கிழங்கும் சாப்பிட்டேன், ருசி அபாரம்.

மூன்று மணிக்குப் பையை எடுத்தேன். அண்ணன் தன் தொடையை வெகுநேரம் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்வி, அந்தத் துணியை எடு. வீட்டுக்கு வந்தவனை வாசல் வரைக்கும் போய் அனுப்பணும்."

மதினி அசையவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் துணியை எடுத்து, வாக்கரைக் கட்டிலருகே வைத்தார். அண்ணன் எழுந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை. கால்கள் வெடவெடத்தன. ஓர் அடி, நின்று மூச்சு, இன்னோர் அடி. வாசலில் நின்றபடி அழாமலிருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஒரு முழம் பின்னால் மதினி வந்துகொண்டிருந்தார். அண்ணனைப் பிடிக்க நீண்ட வலது கையைத் தன் இடது கையாலேயே இறுகப் பிடித்திருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அந்தக் கையை அவர் விடவில்லை.