எண்ணெய் வைத்துக்கொண்ட வில்

என் வயலின் வில் பிரான்சில் செய்தது. ராயபுரத்தில் அப்பாவுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்தியர், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். செய்தவர் பெயரைக் கைப்பிடிக்கு மேலே கட்டையிலேயே பொறித்திருக்கிறார்கள். என் வாயில் அது நுழையாது. ‘பிரெஞ்சுக்காரர்’ என்றே சொல்லிக்கொள்வேன். அவர் அனலில் காட்டி வளைத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வளைவு அப்படியே நிற்கிறது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. என்ன கை அந்த மனுஷனுக்கு! கும்பிடத் தோன்றும்.

கும்பிட்டே விட்டார் என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்து இந்த வருஷம் ரிட்டயர் ஆனவர். ஆயுத பூஜைக்கு ஸ்பானர்களையெல்லாம் துடைத்து எண்ணெய் போட்டவர், நான் கடைக்குப் போன நேரம் பார்த்து வில்லுக்கும் போட்டுவிட்டார். கட்டைக்கு மட்டுமா? வில்லில் கட்டியிருக்கும் குதிரை முடிக்கும் சேர்த்து, தேங்காய் எண்ணெய். அதற்கு மேல் சந்தனம், குங்குமம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுப்போம். எடுத்து இழுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை, தந்தியில் வழுக்கிக்கொண்டு போனது. சாயங்காலம் திருவொற்றியூர் கோயிலில் எனக்குக் கச்சேரி. வேறு வில்லில் எனக்குக் கை வராது. வந்ததே கோபம்!

“யோவ், இன்னாய்யா பண்ணி வெச்சுகீற? முடில எண்ணெ பட்டா வில்லு பேசுமா?”

“முடின்னா எண்ணெ வெக்க மாட்டாங்களா?” என்றார், பாவம்போல.

“வெப்பாங்க! வெச்சா சீக்காய் போட்டு முழுவுவாங்க!”

கத்திய பிறகுதான், அதுதான் வழி என்று எனக்கே உறைத்தது. முடியைத் தளர்த்தி, கட்டைக்குப் பாலிதீன் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். “கட்டைல ஒரு சொட்டு பட்டுச்சு, உனுக்கு இன்னிக்கு சோறு கெடையாது” என்று மிரட்டிக்கொண்டே சீக்காய் போட்டு அலசினேன். ஃபேனுக்கு அடியில் காயவைத்து, முடி தந்தியைப் பிடிப்பதற்காகப் பூசும் ரோசின் கட்டியை அரக்கப் பரக்கத் தேய்த்தேன். முதலில் கரகரவென்று முனகிய வில், மத்தியானத்துக்குள் பேச ஆரம்பித்தது. அப்பாடா!

கச்சேரி ஜம்மென்று நடந்தது. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் கேட்டேன். “இத்தினி வருசமா அதத் தொடாத ஆளு, இப்ப இன்னாத்துக்குத் தொட்ட?”

“என் ஸ்பானருலாம் சும்மா கெடக்குது, மே. இந்த வருசம் நம்ம வூட்ல வேல செய்ற ஆயுதம் அது ஒண்ணுதான? அதான் மொதப் பொட்டு அதுக்கு வெச்சேன்.”

காலடிப்பேட்டையில் இறங்கும்வரை அவர் கையை நான் விடவில்லை.