பெட்டிக்குள் ஆயிரத்து நூற்று நாற்பது கால்கள்

வீட்டில் உப்பு டப்பாவுக்குக்கூடத் தேதி எழுதி ஒட்டுகிறவளுக்கு ‘டப்பா ராணி’ என்று பட்டம் கொடுத்தவர், பஸ் ஓட்டும் அவள் கணவர். அந்தப் பட்டம் எப்படியோ அவள் வேலை பார்க்கும் செயற்கைக்கால் பட்டறைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தட்டச்சு செய்ய வந்தவள், பதினோரு வருடம் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டியே சர்வரைக் கவனிக்கும் ஆளாகிவிட்டாள். சான்றிதழ் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வாரம் ஒரு தடவையாவது அதைச் சொல்லிக்காட்டாவிட்டால் மேலாளருக்குச் சாப்பாடு செரிக்காது.

நோயாளிகளின் கால் அளவுகளை ஸ்கேன் செய்யும் மென்பொருள் அங்கே கன்டெய்னர் என்னும் மூடிய பெட்டிக்குள் ஓடுகிறது. புதிய பதிப்பு வந்தால் பழைய பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். உள்ளே விட்டுவைத்தது எதுவானாலும் அதோடு போச்சு. அதனால் காப்பாற்ற வேண்டியதை எல்லாம் வால்யூம் என்கிற வெளிச் சேமிப்பிடத்தில் வைத்து, பெட்டியோடு இணைத்துவிட வேண்டும்.

வியாழக்கிழமை புதிய பதிப்பைப் போட மென்பொருள் கம்பெனியின் இன்ஜினியர் வருவதாக இருந்தது. திங்கட்கிழமை இவள் வால்யூமைத் திறந்து பார்த்தாள். கடைசி ஸ்கேன் இரண்டு வருடத்துக்கு முந்தையது. 

தோண்டத் தோண்ட விஷயம் வெளியே வந்தது. புது ஸ்கேனர் வாங்கியபோது, அதன் படங்களுக்கென்று பெட்டிக்குள் யாரோ தனி ஃபோல்டர் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான் அதை வால்யூமோடு இணைக்க மறந்துவிட்டார். ஆயிரத்து நூற்று நாற்பது பேரின் அளவுகள், மூன்று நாளில் தூக்கி எறியப்போகிற பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தன. போனால் அத்தனை பேரும் மறுபடி அளவு கொடுக்க ஊன்றுகோலோடு பஸ் ஏறி வரவேண்டும்.

“தினமும் பேக்கப் ஓடுது, பச்சை விளக்கு எரியுது. எதுக்கும்மா பயமுறுத்துற?” என்றார் மேலாளர்.

“வால்யூமைத்தான் சார் பேக்கப் எடுக்குது. ரெண்டு வருஷமா அதே பழைய படங்களையே பத்திரமா எடுத்து வச்சிருக்கு.”

மேலாளர் எழுந்து வந்து அவள் திரையில் இருந்த தேதியை எட்டிப் பார்த்தார். “சரி, செய். ஏதாவது போச்சுன்னா உன் தலைதான் உருளும்,” என்றார் கடைசியில்.

அவள் மூன்று வால்யூம்கள் வைத்தாள். ஸ்கேன் படங்களுக்கு ஒன்று, அந்தப் படங்களைத் திருத்தி உருவாக்கிய கால் அச்சு வடிவங்களுக்கு ஒன்று, மென்பொருளின் அமைப்புகளுக்கு ஒன்று. படங்களை வெளியே நகலெடுத்து, எண்ணிக்கையை இரண்டு முறை சரிபார்த்தாள். பக்கத்திலேயே ஒரு சோதனைப் பெட்டியை ஓடவிட்டபோது, அது படங்களைக் காட்டியது, ஆனால் புதிதாக எதையும் சேமிக்க மறுத்தது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. நகலெடுத்தவள் அவள் என்பதால் ஃபோல்டர்களும் அவள் பெயரில் இருந்தன, மென்பொருளுக்கு எழுதும் உரிமை இல்லை. உரிமையை மாற்றிக் கொடுத்தாள். சோதனைப் பெட்டியை மூன்று தடவை அழித்து மூன்று தடவை எழுப்பினாள். படங்கள் அசையவில்லை.

வியாழக்கிழமை காலை இன்ஜினியர் வந்து உட்கார்ந்தார். “அழிக்கிறதை நானே செய்யறேன்,” என்றாள் அவள். கட்டளையைத் தட்டினாள். பழைய பெட்டி போய்விட்டது. திரை ஒரு நிமிடம் காலியாக நின்றது. புதிய பெட்டி எழுந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது. ஒன்றுகூடக் குறையவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எங்க ஆபீஸ்லகூட யாரும் இவ்வளவு சுத்தமாப் பிரிச்சு வைக்கிறதில்ல. எங்க படிச்சீங்கம்மா?” என்று கேட்டார் இன்ஜினியர்.

“எல்லாம் நம்ம ட்ரெயினிங்தான்,” என்று முந்திக்கொண்டார் மேலாளர். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவர் என்ன சொன்னாலும் அவளுக்குக் கோபம் வந்திருக்காது.

வெளி பெஞ்சில் வயதான தையல்காரர் ஒருவர் தன் காலுக்காகக் காத்திருந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது அவளுக்கு. நேராக அவரிடம் போனாள்.

“உங்க அளவு பத்திரமா இருக்குங்க ஐயா. அடுத்த வாரம் கால் தயாராயிடும்.”

தையல்காரர் அவளை விநோதமாகப் பார்த்தார். “போன மாசமே அளவெடுத்துட்டீங்களேம்மா. அது எங்க போயிடப் போகுது?”

“எங்கயும் போகாதுங்க ஐயா,” என்றாள் டப்பா ராணி.