குழி வாயில் சொன்ன பேர்

நம்பாதவர்கள் இலங்கையில் கலவான ஊர்ப் பக்கம் போய்ப் பிரதீபனையே கேட்கலாம். அழாமல், குரல் உயர்த்தாமல், மணி, நிமிடத்தோடு சொல்வான்.

அவன் இருந்த தேயிலைத் தோட்டத்தின் பன்னிரண்டு வீட்டு லயத்தில் ஒன்பது வீடு பூட்டிக் கிடந்தது. போனவர்கள் கொழும்பில் அறைக்கு எட்டுப் பேராகப் படுத்துக்கொண்டிருந்தார்கள். பிரதீபனின் தம்பி ஜனகனும் மறுநாள் தன் மனைவி துஷ்யந்தியிடம் அங்கே போவதாக இருந்தான். அன்றுதான் அவனுக்குக் கடைசி மாணிக்கக் குழி. குழியோ காட்டு எல்லைக் கல்லுக்கு உள்ளே. "பெர்மிட் இருக்கு" என்று முதலாளி சத்தியம் செய்வார். அந்தக் கடுதாசியைக் கண்ணால் கண்டவன் ஒருவனும் இல்லை.

குழி வாயில் நின்றுகொண்டு, உள்ளே இருப்பவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அங்கே அதுதான் வழக்கம்; கூப்பிட்டால் வேறு ஏதோ பதில் சொல்லுமாம். கயிறுதான் பேசும். கீழேயிருந்து மூன்று தரம் இழுத்தால், மேலே தூக்க வேண்டும்.

பகல் 2.40. காட்டு அதிகாரிகளின் ஜீப் சத்தம். பின்னாலேயே குழியை மூட, மண் தள்ளும் பெக்கோ இயந்திரம் ஒன்று. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். பிரதீபன் கயிற்றை ஆட்டினான். பதில் இல்லை. தம்பி பக்கச் சுரங்கத்துக்குள் இருந்தான். பயத்தில் வழக்கமெல்லாம் மறந்துபோனது.

"ஜனகா! ஏறி வாடா!"

"வந்துட்டேண்ணே."

குரல் கீழிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து...

ஜனகன்தான் நின்றான். காலில் சேறு இல்லை. சட்டை காய்ந்திருந்தது. எப்போது ஏறினான் என்று கேட்க நேரமில்லை.

2.52. உள்ளே ஆள் இருக்கிறதா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

பிரதீபன் பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்தான்.

"கவுருத் நே, சேர்." யாரும் இல்லை என்றான்.

அவர் பிரதீபனின் பேரை மட்டும் எழுதிக்கொண்டார். தம்பியின் பேரைக் கேட்கவில்லை.

பெக்கோ மண்ணைத் தள்ளியது. 'தொம்'...

கயிறு அசைந்தது. ஒன்று... இரண்டு... மூன்று.

"காத்துண்ணே" என்றான் ஜனகன்.

இலைகூட அசையவில்லை.

பிரதீபன் பெக்கோவை நிறுத்தச் சொல்லவில்லை. ஏன் என்று இன்றும் அவனுக்குத் தெரியாது.

மறுநாள்வரை காத்திராமல், 3.20க்கே ஜனகன் கொழும்பு போக பஸ் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் துஷ்யந்தி போன் செய்தாள்.

"அவரு இன்னும் வரலீங்களே..."

பிரதீபன் கயிறு அசைந்ததைச் சொன்னதும் குழியைத் தோண்டினார்கள். பக்கச் சுரங்கத்தில் ஜனகன் இருந்தான். கயிற்றின் நுனி கையில் சுற்றியிருந்தது.

மண் மூடிய பிறகு மறுநாள் காலை வரை உயிர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர்.

பிரதீபன் தலையாட்டினான். அப்படியானால் அன்று பஸ் ஏறியது யார் என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை.