சித்தப்பாவின் சிவப்புப் பனிவண்டி

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய்யலாம் என்பார்கள். என் சித்தப்பா ஒரேயொரு பொய்தான் சொன்னார். மிச்சமெல்லாம் கையிருப்பில் இருக்கிறது என்று அதிலும் அவருக்குப் பெருமை.

கனடாவில் இருந்த மற்ற மாப்பிள்ளைமார் யாருடையதோ காரில் சாய்ந்து நின்று படம் எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. சித்தப்பா ஒருபடி மேலே போனார். ஏதோ பனிக்கால விழாவில் நின்ற சிவப்புக் குதிரை வண்டியில் ஏறியிருந்து படம் எடுத்து, இது என் சொந்த வண்டில் என்று பெண்வீட்டாருக்கு அனுப்பிவிட்டார். சக்கரம் கிடையாது, வளைந்த இரும்புப் பட்டைகளில் பனிமேல் வழுக்கிப் போகும் வண்டி. பெண்ணின் தகப்பனார் அந்தப் படத்தை ஊர் முழுக்கக் காட்டினாராம். கலியாணமும் நடந்தது. கனடாவில் வந்திறங்கிய கிழமையே வண்டியுமில்லை, குதிரையுமில்லை என்று சித்தி கண்டுகொண்டார். கட்டியவரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது சித்தியின் தகப்பனாருக்கு விசா கிடைத்தது. தொலைபேசியில் அவர் முதலில் கேட்டதே அந்த வண்டிலில் ஒருக்கா ஏறலாமா என்றுதான். சித்தி அழத் தொடங்கிவிட்டார். தன் புருசன் பொய்யன் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்பது அவருடைய கவலை. சித்தப்பா அசையவில்லை.

"இல்லாட்டி உண்டாக்கிறதுதானே" என்றார்.

ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு பண்ணையில், வைக்கோலுக்குள் கிடந்த ஒரு பழைய பனிவண்டியைத் தேடிப் பிடித்து வாங்கினார். அதைச் செய்த காலத்தில் அந்த வெள்ளைக்காரப் பண்ணைக்காரரின் தகப்பனே பிறந்திருக்க மாட்டார். வண்டி தன் கொட்டகையிலேயே நிற்கட்டும், வேண்டிய நாளில் குதிரையும் தருகிறேன் என்றார் அவர். எங்களைப் பார்க்க அவருக்கு ஒரே புதினமும் வேடிக்கையும்.

இந்தக் கூத்துக்கு வரமாட்டேன் என்று என் அப்பா சொல்லிவிட்டதால் சனிக்கிழமைகளில் நானும் சித்தப்பாவும்தான் நாங்கள் இருந்த அஜின்கோர்ட்டிலிருந்து போவோம். சித்தப்பாவுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. தச்சு வேலை தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. உக்கிப்போன அடித்தட்டைக் கழற்றிப் புதுப் பலகை அடித்தார். துருவேறிய இரும்புப் பட்டைகளின் கறளை நான் தேய்த்தேன். பக்கப் பலகையைச் சுரண்டச் சுரண்ட, கறுப்புக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மஞ்சள் கோடுகள் என்று வந்துகொண்டேயிருந்தன. இதை இப்படியே விடலாமே என்று பண்ணைக்காரர் கெஞ்சாத குறை. படத்தில் சிவப்பு என்று சித்தப்பா முடிவாகச் சொன்னார். இருக்கைக்கு, எங்கள் தெருவில் யாரோ குப்பைக்கு வைத்திருந்த சோபாவின் மெத்தை பொருந்தியது.

கடைசிச் சனிக்கிழமைதான் பெயின்ற் அடித்தோம். இந்தக் குளிரில் காயாது என்றார் பண்ணைக்காரர். காயும் என்று சித்தப்பா ஆங்கிலத்தில் சொன்னது போதாதென்று தமிழிலும் ஒருமுறை சொன்னார். சித்தியின் தலைமயிர் காயவைக்கும் மெஷினைப் பிடித்தபடி நான் பலகை பலகையாக நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை தாத்தா வந்தார். சித்தியின் தகப்பனாரை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். சித்தப்பாவிடம் இருந்த ஒரேயொரு நல்ல ஓவர்கோட்டை அவருக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். பண்ணைக்காரர் எங்கள் வண்டிலோட்டி என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. முன்னுக்குச் சித்தப்பாவும் 'வண்டிலோட்டி'யும், பின்னுக்குத் தாத்தாவும் நானும். சித்தி வேலியோரம் நின்று வாய்க்குள் தேவாரம் சொன்னார். குதிரை இழுத்தது, வண்டி சத்தமில்லாமல் வழுக்கியது. அதுவரை எனக்கு அப்படியொரு சந்தோசம் வந்ததில்லை.

ஒரு மேட்டில் வண்டி துள்ள, தாத்தா பக்கப் பலகையை எட்டிப் பிடித்தார். கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் குதிரையின் வாலைப் பார்த்தேன். அவர் மெதுவாகக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எப்பிடி மாமா?" என்று சித்தப்பா திரும்பினார்.

"அருமையான வண்டில், தம்பி. இவ்வளவு காலம் பாவிச்சும் புதுசு மாதிரி வச்சிருக்கிறீர்."

இறங்கியதும் வேலியோரம் நின்ற சித்தியிடமும் அதையே சொன்னார். சித்தியின் முகம் அன்றுதான் மலர்ந்தது. வயது போனவர்களுக்குக் கண் மங்குவது எவ்வளவு வசதி என்று நான் நினைத்துக்கொண்டேன். மாலையில் தாத்தா, ஊரில் இருந்த மனைவியிடம் தொலைபேசியில், வீடே கேட்கும்படி சொன்னார்: "படத்தில கண்ட அதே வண்டில்தான். ஏறிப் பாத்திட்டன்." சித்தப்பா எனக்குக் கண்ணடித்தார்.

கொஞ்ச நேரத்தில் தாத்தா என்னைக் குளியலறைக்குக் கூப்பிட்டார். கோட்டின் பை ஓரமும் கையும் சிவந்து கிடந்தன.

"பிள்ளை, உந்தப் பெயின்ற் எதால போகும்?"

சித்தியின் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துக் கொடுத்தேன். முதலில் கோட்டை, பிறகு தன் உள்ளங்கையை, பொறுமையாகத் தேய்த்தார்.

"சித்தப்பாவுக்குச் சொல்லிப்போடாதை. சித்திக்கும்தான்."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சித்தப்பாவின் ஒரேயொரு நல்ல கோட்டைப் பழுதாக்கிவிட்டு ஏச்சுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். யாரும் வந்து அவரைப் பிடித்துவிடாதபடி, கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் நின்றேன்.