கம்பெனியை நம்பி அணைத்த சூடம்

நான்கு வருடமாக ஒவ்வொரு ஆடி பிறக்கும்போதும் ஒரு நோட்டை எடுத்து வைப்பேன். இரண்டு வரி எழுதுவேன், கிழித்துப் போடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள் என்பது ஒரு காரணம். இதில் தப்பு என்னுடையதும் உண்டு என்பது அதைவிடப் பெரிய காரணம். கம்பெனிக்காரனைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். சாமி முன்னால் நான் செய்ததைச் சொல்லத்தான் கை வரவில்லை.

நான் சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் கூரை போடுவதற்கு முன்னால் அடியில் முட்டுக் கொடுத்து, மேலே இரும்பு ஷீட்டு அடித்துத் தளம் அமைத்துத் தருவது எங்கள் வேலை. ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். என்னிடம் ஒன்பது பேர் வேலை செய்தார்கள். எல்லாரும் மோகனூர்ப் பக்கத்து ஒரே ஊர்க்காரர்கள், ஆணும் பெண்ணுமாக. அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு கம்பெனி நான்கு மாடிக் குடியிருப்பு கட்டியது. அந்த வேலையை எடுத்திருந்தேன்.

கம்பெனி பணம் கொடுக்கும் முறை வெளியாட்களுக்குத் தெரியாது. முதல் கூரை போட்டதும் காசு வராது. இரண்டாவது கூரைக்கு வேலை நடக்கும்போதுதான் முதல் கூரையின் பில் பாஸாகும். எப்போதும் ஒரு பில் அவர்கள் கையில் நிற்கும். நாங்கள் பாதியில் ஓடிவிடாமல் இருக்கக் கட்டிய கயிறு அது. அதுபோக, ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்கு ஐந்து ரூபாய் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டடம் முடிந்து ஒரு வருடம் கழித்துத் தருவதாகச் சொல்வார்கள். ஆட்களுக்கு நான் சனிக்கிழமை தோறும் செலவுக்காசு மட்டும் கொடுப்பேன். மீதிக் கூலியைப் பில் வந்ததும் கணக்குப் பார்த்துக் கொடுப்பேன்.

இரண்டு பில் ஒழுங்காக வந்தது. மூன்றாவது நின்றுவிட்டது. கேட்டால் இன்ஜினியர் அளவெடுக்கவில்லை என்றார்கள். அளவெடுத்த பிறகு கையெழுத்தாகவில்லை என்றார்கள். அதற்குள் ஆடிப் பதினெட்டு நெருங்கிவிட்டது. அந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமை. காவிரிக்கரை ஆட்கள் அன்றைக்கு ஊரில் இல்லாமல் இருக்க மாட்டார்கள், வெறுங்கையோடும் போக மாட்டார்கள். அதற்கு முந்தின திங்கட்கிழமை காலையில் ஒன்பது பேரும் மணல் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

அவர்களில் மூத்தவர் ஒரு அக்கா. வாய் கொஞ்சம் பெரிசு.

"ஏனுங் மேஸ்திரி, தளத்துக்கு நாளு தவறாம தண்ணி ஊத்தறாங்க. எங்களுக்கு டீத்தண்ணியோட சரிங்களா?"

"பில்லு வந்துரும்க்கா. நாலாவது தளம் போட்டாத்தான் மூணாவது காசு வரும்."

"அப்ப அஞ்சாவது தளம் இல்லீங்களே. நாலாவதுக்கு யாரு குடுப்பாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி ஒரு மாதமாக என் நெஞ்சில் கிடந்ததுதான்.

இன்ஜினியர் தனியே கூப்பிட்டார். "புதன்கிழமைக்குள்ள தளத்தைப் போட்டுக் குடுங்க. வியாழக்கிழமை செக்கு உங்க கையில. எம் பொறுப்பு." நல்ல மனிதர்தான். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு காரியம் செய்தேன். சைட்டில் வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார் வைத்திருந்தோம். அவர் முன்னால் சூடம் ஏற்றி, ஒன்பது பேரும் பார்க்க, "சனிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள உங்க பாக்கி பூராவும் உங்க கையில இருக்கும்" என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தேன். எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சு கிடையாது. எல்லாரும் எழுந்து வேலைக்குப் போனார்கள். கையில் இல்லாத பணத்துக்கு, இன்னொருவர் வாய்ச்சொல்லை நம்பிச் சத்தியம் செய்கிறோமே என்று அப்போது தோன்றவில்லை.

புதன்கிழமை தளம் போட்டு முடித்தோம். வியாழக்கிழமை சேலத்து ஆபீசில் செக்கும் கிடைத்தது. இரண்டு லட்சம். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கணக்குப்பிள்ளை தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"நான் போன் பண்றவரைக்கும் பேங்குல போட்றாதீங்க."

"தேதி இன்னைக்குதானுங்களே போட்டிருக்கு?"

"தேதி இருக்கு, அக்கவுண்ட்ல பணம் இல்ல. இப்பப் போட்டா திரும்பிரும். திரும்பினா எங்க மொதலாளி பெரியவருக்குக் கோவம் வரும். அப்பறம் உங்களுக்கு அடுத்த சைட்டு வேணாமா?"

வீட்டுக்கு வந்து செக்கைப் பூஜை அலமாரியில் திருநீற்றுத் தட்டின் கீழே வைத்தேன். என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். "சாமிகிட்ட வெச்சா மட்டும் காசாயிருமுங்களா?" என்றாள். வெள்ளிக்கிழமை முழுவதும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். குளிக்கப் போகும்போதுகூட வெளியே அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அடித்ததெல்லாம் வேறு யாரோ.

சனிக்கிழமை காலை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். கணக்குப்பிள்ளை உள்ளதைச் சொன்னார். வீடு வாங்கியவர்கள் பேங்க்கிலிருந்து தவணை வர வேண்டும். அது வந்தால் கம்பெனிக்கு வரும். கம்பெனிக்கு வந்தால் எனக்கு வரும். எப்போது என்று யாருக்கும் தெரியாது. நான் சூடம் அணைத்த கதையைச் சொன்னேன். அவரும் நெற்றியில் திருநீறு வைத்தவர்தான்.

"உங்களை யாருங்க அப்படிச் செய்யச் சொன்னது?" என்றார். பிறகு உள்ளே போய்ப் பெரியவரிடம் பேசிவிட்டு வந்தார். "பழைய சைட்டுல மிஞ்சின டைல்ஸ் குடோன்ல கிடக்குது. ரெண்டு லட்சத்துக்கு எடுத்துக்கங்க. செக்கைக் குடுத்துட்டு இதுல ஒரு கையெழுத்து."

விலை அவர்கள் போட்டதுதான். தாள் இங்கிலீஷில் இருந்தது. என்னவென்று கேட்டேன். டைல்ஸ் வாங்கிக்கொண்டதற்குச் சும்மா ஒரு ரசீது என்றார். மணி பதினொன்றாகிவிட்டது. படிக்கச் சொல்லிக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. பொழுது சாய்வதற்குள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. போட்டேன்.

டெம்போ பிடித்து டைல்ஸை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போனேன். ஒரு கடைக்காரர் நான்கு பெட்டியைப் பிரித்து வெயிலில் வைத்துக் காட்டினார். "பாருங்க, நாலும் நாலு கலரு. ஒரு ரூமுக்குப் போட முடியுங்களா? பாதி விலைன்னா இறக்குங்க, இல்லாட்டி வண்டிய எடுங்க." விற்ற கொஞ்சமும் பாதிக்கும் கீழேதான் போனது. செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் வண்டி நுழையாமல் நின்றபோது சூரியன் எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆட்களுக்குச் சேர வேண்டியது தொண்ணூறாயிரம். சைட்டுக்குத் திரும்பியபோது வெளிச்சம் கொஞ்சம் இருந்தது, கையில் நாற்பதாயிரம் இருந்தது. பையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். நடந்ததைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒருவர் மட்டும் வேப்பமரத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பங்கை வாங்கிக்கொண்டார். பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

அடுத்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சின்ன மகளுக்குச் சளி பிடித்தது. மழைக்காலச் சளிதான், ஆனால் என் மனசு வேறு கணக்குப் போட்டது. மிச்ச டைல்ஸை வந்த விலைக்குத் தள்ளினேன். அப்படியும் பதினைந்தாயிரம் குறைந்தது. என் ஷீட்டில் ஒரு பகுதியைப் பழைய இரும்புக் கடையில் போட்டு அதை நிரப்பினேன். வியாழக்கிழமை அவர்கள் ஊருக்கே போய் ஆளுக்கு ஆள் கொடுத்தேன்.

அந்த அக்கா எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். "எங்க கூலி வந்திருச்சுங். நீங்க சொன்ன நாளு தவறிப்போனதை நாங்க மன்னிக்க முடியாதுங்களே. அது சாமி கணக்கு, அங்க பேசிக்கங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். மோரும் கொடுத்தார். நான் வரும் வழியில் மாரியம்மன் கோவிலில் விழுந்து எழுந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

கட்டடம் முடிந்து ஒரு வருடம் கழித்து, பிடித்து வைத்த பணத்தையும் அதுவரை இழுத்தடித்த நாலாவது தளத்துப் பில்லையும் கேட்டுப் போனபோதுதான், நான் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று தெரிந்தது. எல்லாத் தொகையும் வந்துவிட்டது, இனி இந்தக் கம்பெனியிடம் எனக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று இருந்தது. கையெழுத்து என்னுடையது. திரும்பி வந்தேன்.

இப்போது இந்த விஷயம் மேஸ்திரிகள் மத்தியில் இரண்டு விதமாகச் சுற்றுகிறது. சூடம் அணைத்து ஆட்களை ஏமாற்றினான் என்று ஒன்று. சூடம் அணைத்துக் கம்பெனியையே பயமுறுத்திச் சரக்கை வாங்கிவிட்டான் என்று ஒன்று. இரண்டும் நடந்ததில்லை. கம்பெனியின் தாளில் இருப்பதும் நடந்தது அல்ல. அதனால்தான் எழுதினேன். கம்பெனியில் வேலை எடுக்கும் யாருக்காவது இதைச் சொல்வதானால், இருக்கிறபடியே சொல்லுங்கள். எனக்காகப் பரிதாபப்பட்டு நான் சத்தியம் செய்ததை விட்டுவிட வேண்டாம். படிக்காமல் கையெழுத்துப் போட்டதையும் விட்டுவிட வேண்டாம். அவர்கள் மேல் கோபப்பட்டு, செய்யாத ஒன்றைச் சேர்க்கவும் வேண்டாம்.