கடைசிச் சிப்பு

கற்பகவல்லியின் அண்ணன், ஆமத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் மின்னல் விழுந்து செத்துப்போனார். இடிமேகம் திரளும்போதே காட்டிக்கொடுக்கும் ரேடாரைச் செய்தே தீருவதென்று அவள் எலெக்ட்ரானிக்ஸ் படித்தாள். விருதுநகரில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலையும் கிடைத்தது.

ரேடார் அனுப்பும் மில்லிமீட்டர் அலைகள் மேகத்தின் மிகச் சிறிய துளிகளிலும் பட்டுத் திரும்பும். ஆனால் அவை தூரம் போக, அலையின் பவரைக் கூட்டும் வலுவான ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அதற்கான சிப்பை மூன்று வருடம் உழைத்து வடிவமைத்தாள். வெளிநாட்டில் செய்து வந்தவை ஐந்துதான். முழு பவர் கொடுத்ததும் நான்கு கருகிவிட்டன. மறுநாள், திட்டத்துக்குப் பணம் தரும் ஆய்வுக்குழு வருகிறது.

உடன் வேலை பார்க்கும் அழகுராஜா கெஞ்சினார். "மிச்சத்தைப் பாதி பவர்ல ஓட்டிக் காட்டிருவோம் மேடம். யாரும் கேக்க மாட்டாக."

"பாதி பவர்ல தூரத்து மேகம் தெரியாது சார். பிறகு எதுக்கு இம்புட்டுப் பாடு?"

கருகிய சிப்பு ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தாள். அடியில் ஈயத்தால் பற்றவைத்த இடமெல்லாம் காற்றுக் குமிழ்கள். சூடு இறங்க வழியே இல்லை. கடைசிச் சிப்பைத் தானே பற்றவைத்தாள்.

குழுவின் முன்னால் அது முழு பவரில் நாற்பது நிமிடம் ஓடியது. பிறகு திரையில் பவரைக் காட்டும் கோடு சரிந்தது.

"இது பத்தாதும்மா" என்று தலைவர் திட்டத்தை மூடிவிட்டார்.

அவள் ஆய்வகத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு எழுந்து, குமிழ்களைப் பற்றி விவரமாக எழுதி, இன்னும் ஐந்து சிப்பு கேட்டுக் குழுவுக்கு அனுப்பினாள். ஏழு மாதமாகியும் பதில் இல்லை.